ஒளு: தண்ணீரும் ஒரு மறைப்பும்

முஸ்லிம் பெண், அவள் உடல், நகரம் என்று பேச்செடுத்தாலே நாம் நேராகத் துணிக்குப் போய்விடுகிறோம். பர்தா போட வைத்தார்களா, தானே போட்டுக்கொண்டாளா, கறுப்பா, முகம் தெரிகிறதா, இப்படித்தான் பேச்சு போகும். 2022இல் கர்நாடகத்துக் கல்லூரி வாசல்களில் நடந்த தகராறுக்குப் பிறகு இது இன்னும் கூடிப்போனது. துணியைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன். தொழுகிற ஒரு முஸ்லிமின் நாளை உள்ளிருந்து வகுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். ஒரே ஊரில் ஆணுக்கு ஒரு விதமாகவும் பெண்ணுக்கு வேறு விதமாகவும் நகரம் அமைந்திருப்பது பர்தாவைவிடக் குழாயடியில்தான் பளிச்சென்று தெரியும்.

முதலில் அடிப்படை. தொழுகைக்கு முன்னால் உடலின் சில பாகங்களைத் தண்ணீரால் கழுவிக்கொள்வதுதான் ஒளு. குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் ஆறாம் வசனம் அதற்கான கட்டளை: முகத்தைக் கழுவ வேண்டும், கைகளை முழங்கை வரை கழுவ வேண்டும், தலையை ஈரக்கையால் தடவ வேண்டும், கால்களைக் கணுக்கால் வரை கழுவ வேண்டும். இதோடு மணிக்கட்டு வரை கை கழுவுவது, வாய் கொப்பளிப்பது, மூக்கில் தண்ணீர் விட்டுச் சிந்துவது, காதைத் துடைப்பது எல்லாம் நபிவழியாகச் சேர்ந்துகொள்ளும். பழகியவருக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. நபிகள் ஒளுவுக்கு எடுத்துக்கொண்ட தண்ணீர் ஒரு 'முத்து' என்று ஹதீஸ், அதாவது நபிகளின் சொல் செயல் பற்றிய பதிவு, சொல்கிறது. இரண்டு கையையும் சேர்த்து அள்ளினால் நிற்கும் அளவுதான் அது. இன்றைக்குக் குழாயை முழுக்கத் திறந்துவிட்டுப் பக்கத்தில் நிற்பவரிடம் கதை பேசிக்கொண்டே ஒளு எடுப்பவர்களைப் பார்த்தால், கேரளத்துப் பாரதப்புழை ஆறு கோடையில் வற்றுவது இவர்களுக்குத் தெரியாதோ என்று எனக்குத் தோன்றும்.

ஒரு நாளைக்கு ஐந்து வேளைத் தொழுகை என்றால் ஐந்து முறையும் புதிதாகச் செய்ய வேண்டும் என்பதில்லை. ஒருமுறை எடுத்த ஒளு முறியும்வரை நிற்கும். மலசலம் கழித்தால், காற்றுப் பிரிந்தால், படுத்துத் தூங்கினால், மயக்கம் போட்டால் முறிந்துவிடும். லுஹர் என்ற நண்பகல் தொழுகைக்கு எடுத்த ஒளுவை, அஸர் என்ற பிற்பகல் தொழுகை வரை காப்பாற்றி வைக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் அதற்கு இதுதான் பொருள். 'எனக்கு ஒளு இருக்கு, தொடாதே' என்று நன்னிமா (பாட்டி) பேரனை அதட்டுவதும் இதனால்தான். அந்த அதட்டலில் ஒரு சட்டச் சிக்கலும் உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன்.

ஒளு முறிவதும் உடல் அழுக்காவதும் வேறு வேறு. பயணச்சீட்டின் நேரம் முடிந்தால் பயணி அசுத்தமாகிவிடுவதில்லை அல்லவா, அப்படித்தான் இதுவும். நபித்தோழர் அபூஹுரைரா குளிப்புக் கடமையான நிலையில் நபிகளை வழியில் பார்த்துக் கூச்சப்பட்டு ஒதுங்கிப் போய்க் குளித்துவிட்டு வந்தார். எங்கே போனாய் என்று கேட்ட நபிகள், காரணத்தைக் கேட்டதும், இறைநம்பிக்கை கொண்டவர் அசுத்தமாவதில்லை என்றார். புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் தொகுப்பிலும் இது இருக்கிறது. மூத்திரம், ரத்தம் போன்றவைதான் கழுவ வேண்டிய அசுத்தம், அதாவது நஜீஸ். ஒளு இல்லாமல் இருப்பது ஒரு நிலை மட்டுமே. அதில் சமைக்கலாம், கடையில் உட்காரலாம், பிள்ளையைத் தூக்கலாம். தொழ முடியாது, குர்ஆன் பிரதியைத் தொட முடியாது, மக்காவில் கஅபாவைச் சுற்ற முடியாது, அவ்வளவே. கைபேசித் திரையில் தெரியும் குர்ஆனுக்கு இந்தத் தடை இல்லை என்று இன்றைய அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். ஆபீஸுக்குப் பஸ்ஸில் போகிற பெண்களுக்கு அது பெரிய ஆறுதல்.

இதற்கு மேல்படியாக இருப்பது முழுக் குளிப்பு. தாம்பத்தியத்துக்குப் பிறகும் விந்து வெளிப்பட்ட பிறகும் ஆண் பெண் இருவருக்கும் குளிப்புக் கடமையாகும். மாதவிடாய் நின்ற பிறகும் பிரசவ ரத்தம் நின்ற பிறகும் பெண்ணுக்குக் கடமையாகும். தண்ணீர் கிடைக்காவிட்டால், அல்லது நோயால் தண்ணீர் பட முடியாவிட்டால், சுத்தமான மண்ணில் கையைத் தட்டி முகத்தையும் கையையும் தடவிக்கொள்ளும் தயம்மும் இருக்கிறது.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். இனி பாலக்காட்டுக்கு வருவோம்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு திறப்பு. காற்று, மாடு, மிளகு, படை எல்லாம் அதன் வழியாகத்தான் போய் வந்தன. 1956 நவம்பர் 1இல் கேரளம் உருவாகும்வரை பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. இங்கே ராவுத்தர் என்கிற முஸ்லிம் குடும்பங்கள் பல தலைமுறையாக இருக்கின்றன. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். பக்கத்துத் தெருவில் மலையாளம் பேசும் மாப்பிள்ளை முஸ்லிம்கள். வெளியாளுக்கு இருவரும் ஒன்றுதான்: அதே பாங்கு, அதே தொப்பி, அதே பிரியாணி (இதை ராவுத்தர் வீட்டில் சொல்லிவிடாதீர்கள், பிரியாணி ஒன்றல்ல). ஆனால் உடல் சம்பந்தப்பட்ட சட்டத்தில் இரண்டு பேரும் இரண்டு மத்ஹபைச் சேர்ந்தவர்கள். மத்ஹப் என்றால் சட்ட வழி. ராவுத்தர்கள் ஹனஃபி வழி. கூஃபா நகரத்தைச் சேர்ந்த, 767இல் காலமான இமாம் அபூஹனீஃபாவின் பெயரால் வந்தது. மாப்பிள்ளைகள் ஷாஃபி வழி. 820இல் எகிப்தில் காலமான இமாம் ஷாஃபியின் பெயரால் வந்தது. ஷாஃபி வழி அரபுக் கடல் வணிகத்தோடு கரையேறி, பொன்னானி போன்ற ஊர்களில் வேரூன்றியது. காயல்பட்டினம், கீழக்கரைக்காரர்களும் அதே வழிதான். ஹனஃபி வழி நிலவழியாக, துருக்கர்-முகலாயர் ஆண்ட பகுதிகள் பக்கமிருந்து வந்தது. ஆனைமலைப் பக்கம் பிறந்து பொன்னானியில் கடலில் கலக்கும் பாரதப்புழையின் நடுவழியில் பாலக்காடு இருப்பதால், கடல் வழிச் சட்டமும் தரை வழிச் சட்டமும் இங்கே ஒரே சந்தையில் காய்கறி வாங்குகின்றன.

சரி, அதனால் என்ன ஆகிறது? ஒரு ராவுத்தர் வீட்டுப் பெண்ணும் ஒரு மாப்பிள்ளை வீட்டுப் பெண்ணும் பாலக்காட்டிலிருந்து கோயம்புத்தூர் பஸ்ஸில் சேர்ந்து போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவருமே வீட்டில் ஒளு எடுத்துவிட்டுத்தான் கிளம்பினார்கள். வாளையார் வருவதற்குள் கண்டக்டர் சீட்டும் சில்லறையும் கொடுக்கிறார். அவர் விரல் இருவர் உள்ளங்கையிலும் படுகிறது. ராவுத்தர் வீட்டுப் பெண்ணுக்கு ஒளு அப்படியே இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்ணுக்கு முறிந்துவிட்டது. உக்கடத்தில் இறங்கி அவள் தண்ணீர் தேட வேண்டும்.

காரணம் அதே ஐந்தாம் அத்தியாயத்து வசனம்தான். தயம்மும் பற்றிச் சொல்லும் இடத்தில், 'பெண்களைத் தொட்டிருந்தால்' என்று ஒரு சொல் வருகிறது. ஷாஃபி வழியினர் அதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்கிறார்கள்: மணக்கத் தடையில்லாத ஓர் ஆணும் பெண்ணும் தோலோடு தோல் பட்டால் ஒளு முறியும். ஹனஃபி வழியினர் அதை உடலுறவைக் குறிக்கும் நாசூக்கான பேச்சு என்கிறார்கள். வெறும் தொடுதலால் ஒன்றும் ஆகாது. இன்னொரு வழியாக மாலிகிகள் நடுவில் நின்று, இச்சையோடு தொட்டால் முறியும் என்கிறார்கள். ஒரே வசனம், மூன்று பொருள்கள், மூன்று விதமான பஸ் பயணம்.

இதைக் கேட்டவுடன், பெண்ணைத் தொட்டால் தீட்டு என்கிறார்களா என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. ஷாஃபி சட்டத்தில் தொட்டவருக்கும் முறியும், தொடப்பட்டவருக்கும் முறியும். கண்டக்டர் ஷாஃபி முஸ்லிமாக இருந்தால் அவர் ஒளுவும் போயிற்று. தகப்பன், சகோதரன், மகன் தொட்டால் முறியாது. ஆனால் கட்டிய கணவன் தொட்டால் முறியும்! துணி இடையில் இருந்தால் ஒன்றுமில்லை. நகத்தோடு நகம் பட்டாலும் ஒன்றுமில்லை. அதனால்தான் தொழப் போகிற நேரத்தில் சாயாக் கோப்பையைக் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்துவிட்டுப் போகும் பழக்கம் சில மாப்பிள்ளை வீடுகளில் உண்டு. விருந்தாளி பார்த்தால் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டையோ என்று நினைப்பார். ராவுத்தர் பையன் மாப்பிள்ளை வீட்டில் பெண் எடுத்தால் இன்னும் வேடிக்கை: ஒரே தொடுதலில் மனைவிக்கு ஒளு போகும், கணவனுக்கு நிற்கும். நன்னிமாவின் அதட்டலுக்கும் இப்போது விளக்கம் கிடைத்திருக்கும். ராவுத்தர் நன்னிமா பேரனை அதட்டுவதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. ஷாஃபி நன்னிமாவுக்கும் பேரன் மணக்கக் கூடாத உறவுதான், அவருக்கும் முறியாது. குழந்தையின் கை அழுக்காக இருந்திருக்கும், அவ்வளவுதான்.

ஹனஃபிக்குத்தான் சலுகை அதிகம் என்றும் முடிவு கட்ட வேண்டாம். பஸ் கம்பியில் கை கிழித்து ரத்தம் வழிந்தால் ஹனஃபிக்கு ஒளு முறியும், ஷாஃபிக்கு முறியாது. நீண்ட பயணத்தில் ஷாஃபி வழியினர் லுஹரையும் அஸரையும் ஒரே நேரத்தில் சேர்த்துத் தொழலாம். ஹஜ்ஜின்போது அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் தவிர ஹனஃபிக்கு அந்த வசதி இல்லை. அஸர் நேரமும் வேறு. ஒரு பொருளின் நிழல் அதன் உயரம் அளவு கூடியதும் ஷாஃபிக்கு அஸர் தொடங்கிவிடும். ஹனஃபிக்கு இரண்டு மடங்கு கூட வேண்டும். ஏறக்குறைய ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். அதனால் இரண்டு வழிப் பள்ளிவாசலும் உள்ள ஊரில் பிற்பகலில் பாங்கு இரண்டு தவணையாகக் கேட்கும்.

நெருக்கடி வந்தால் வழி மாற்றிக்கொள்வதும் உண்டு. மக்காவில் கஅபாவைச் சுற்றும் கூட்டத்தில் அன்னியர் கை படாமல் நடக்க யாராலும் முடியாது. சுற்றுவதற்கோ ஒளு வேண்டும். ஷாஃபி ஹாஜிகள் பலர் அங்கே மட்டும் ஹனஃபி கருத்தைப் பின்பற்றிக்கொள்ள அறிஞர்களே வழி சொல்லி அனுப்புகிறார்கள். கூட்டம் அதிகமானால் சட்டம் இளகத் தெரிந்த சட்டம்தான். கோழிக்கோடு பஸ் நிலையத்துக்கும் அதே தயவைக் காட்டலாமே என்று நான் நினைப்பதுண்டு. நான் ஆலிம் (மார்க்க அறிஞர்) இல்லை, அதனால் அது என் ஆசையோடு நிற்கட்டும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஒளு எடுக்கும்போது எதையெல்லாம் திறக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்ட வேண்டும். தலையைத் தடவ வேண்டும். காலைக் கணுக்கால் வரை காட்ட வேண்டும். ஆணுக்கு இதில் எந்தச் சிக்கலும் இல்லை. தொப்புளிலிருந்து முழங்கால் வரைதான் அவன் கட்டாயம் மறைக்க வேண்டிய பகுதி. தெருவோரக் குழாயிலும் ரயில் பிளாட்பாரத்திலும் அவன் ஒளு எடுத்துக்கொள்வான். பெண்ணுக்கோ அன்னியர் முன் மறைக்கச் சொன்ன தலைமுடியையும் முழங்கையையும் திறந்தால்தான் ஒளுவே நடக்கும். ஆக ஒரே கடமைக்கு ஆணுக்குத் தண்ணீர் போதும். பெண்ணுக்குத் தண்ணீரோடு ஒரு சுவரும் வேண்டும். குறைந்தது ஒரு திரை, உள்ளே தாழ்ப்பாள், பின் ஊசிகளைக் குத்தி வைக்க ஒரு இடம். முக்காடு கட்டிய பெண் பின்னைக் கழற்றி வாயில் கடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் ஒளு எடுக்கும் வித்தையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மார்க்கம் இருவருக்கும் ஐந்து வேளை என்றது. கட்டடம் கட்டியவர்கள் ஒருவருக்கு மட்டும் குழாய் போட்டார்கள்.

பழைய பள்ளிவாசல்களில் ஹவுள் என்கிற தண்ணீர்த் தொட்டி இருக்கும். சுற்றி உட்காரக் கல், உள்ளே சில இடங்களில் மீன் விட்டிருப்பார்கள். ஹனஃபி வழியில் அதற்கு ஓர் அளவுகூட உண்டு: பத்து முழத்துக்குப் பத்து முழம் இருந்தால் ஓடும் தண்ணீரின் சட்டம் அதற்குப் பொருந்தும், பலர் கை விட்டாலும் கெடாது. ஷாஃபி வழியில் இரண்டு 'குல்லா', ஏறக்குறைய 200 லிட்டர் இருந்தால் போதும். இவ்வளவு நுணுக்கமாகத் தொட்டிக்கு அளவு வகுத்த மரபில், அந்தத் தொட்டியின் கரையில் உட்கார்ந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக ஆண்கள்தான்.

பெண் பள்ளிவாசலுக்குப் போகலாமா என்பதே கேரளத்தில் தீராத விவாதம். 'அல்லாஹ்வின் அடிமைப் பெண்களை அவனுடைய பள்ளிகளிலிருந்து தடுக்காதீர்கள்' என்று ஹதீஸ் இருக்கிறது. பெண் வீட்டில் தொழுவதே சிறந்தது என்றும் ஹதீஸ் இருக்கிறது. முஜாஹித் இயக்கத்தினர், ஜமாஅத்தே இஸ்லாமியினர் என்ற அமைப்புகளின் பள்ளிவாசல்களில் பெண்கள் வெள்ளிக்கிழமையும் பெருநாளும் வந்து தொழுகிறார்கள். 1926இல் தொடங்கிய சமஸ்தா என்ற அமைப்பின் சுன்னி உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) இரண்டாவது ஹதீஸைப் பிடித்துக்கொண்டு, ஜமாஅத் என்கிற கூட்டுத் தொழுகைக்குப் பெண்கள் வருவதை ஏற்பதில்லை. தமிழ்நாட்டில் தவ்ஹீத் ஜமாஅத் பள்ளிகளில் பெண்களுக்கு இடம் உண்டு. பழைய சுன்னத் ஜமாஅத் பள்ளிகள் பெரும்பாலானவற்றில் இல்லை. 2019இல் புணேயைச் சேர்ந்த ஒரு தம்பதி உச்ச நீதிமன்றம் போனார்கள். 2020 ஜனவரியில் அகில இந்திய முஸ்லிம் தனியார் சட்ட வாரியம், பெண்கள் பள்ளிவாசலுக்குள் வந்து தொழத் தடையில்லை என்று பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. தடை இல்லைதான். குழாய் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. பள்ளி நிர்வாகத்தோடு வாதாடிக் களைத்த ஒரு பெண்ணிடம், உள்ளே வர அனுமதி இருக்கிறது என்று மட்டும் சொல்வது பாதி அனுமதிதான். மினாராவுக்குப் பளிங்கு ஒட்ட வசூல் செய்கிற ஊரில், பெண்களுக்கு நாலு குழாயும் ஒரு கதவும் போட வசூல் செய்ய ஏன் கை வருவதில்லை என்பது என் நெடுநாள் குறை.

ஒன்றைப் பாராட்டத்தான் வேண்டும். கேரள நெடுஞ்சாலையில், வாளையாரிலிருந்து திருச்சூர் போகும் 544ஆம் எண் சாலை உட்பட, பள்ளிவாசல் முகப்பில் 'பெண்களுக்குத் தொழ வசதி உண்டு' என்று மலையாளத்தில் பலகை பார்க்கலாம். ஜமாஅத்துக்குப் பெண்கள் வரக்கூடாது என்கிற பள்ளிகளில்கூட, பயணத்தில் வரும் பெண்ணுக்கென்று பக்கவாட்டில் ஒரு அறையும் குழாயும் போட்டிருப்பார்கள். கொள்கையில் விடாததைக் குழாயில் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். குடும்பத்தோடு காரில் போகிறவர்கள் கூடியதும் இதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பெரிய மால்களிலும் தொழுகை அறை வந்துவிட்டது.

காரில் போகிறவளுக்குச் சரி. ஜவுளிக்கடையில் பத்து மணி நேரம் நிற்கிறவளுக்கு? அவளுக்கு ஒளுவுக்கு முன்பே கழிப்பறை இல்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைப் பெண்கள் மூத்திரம் அடக்கி அடக்கி நோயாளிகளாகி, விஜி என்ற தையல்காரப் பெண்மணி அவர்களைச் சேர்த்து 'பெண்கூட்டு' என்று தொடங்கியது முதலில் கழிப்பறைக்காகத்தான். பிறகுதான் உட்காரும் உரிமை வந்தது. கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று எழுதின. இது முஸ்லிம் பெண்களுக்கான போராட்டம் இல்லை, எல்லாப் பெண்களுக்கும்தான். ஆனால் அந்தக் கடைகளில் நிற்கிற முஸ்லிம் பெண்ணின் லுஹர் தொழுகை அந்தக் கழிப்பறைக் கதவில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. மதச் சுதந்திரம் என்று மேடையில் பேசப்படுவது பல நேரம் தரைமட்டத்தில் பிளம்பிங் வேலைதான்.

மாதவிடாய் பற்றி எழுதாமல் இந்தக் கட்டுரை முடியாது. சட்டத்தில் அதற்கு ஹைளு என்று பெயர். அந்த நாள்களில் பெண்ணுக்குத் தொழுகை இல்லை, நோன்பும் இல்லை. விட்ட தொழுகையைத் திருப்பித் தொழ வேண்டாம். விட்ட நோன்பைப் பிறகு பிடிக்க வேண்டும். இங்கேயும் இரண்டு கணக்கு. ஹனஃபியில் ஹைளின் குறைந்த அளவு மூன்று நாள், கூடியது பத்து நாள். ஷாஃபியில் குறைந்தது ஒரு நாள், கூடியது பதினைந்து நாள். அந்த வரம்புக்கு மேல் போகும் ரத்தம் நோயாகக் கருதப்படும், அப்போது தொழுதாக வேண்டும். பன்னிரண்டாம் நாளும் ரத்தம் நிற்காத ஹனஃபிப் பெண் குளித்துவிட்டு, துணி வைத்துக்கட்டி, ஒவ்வொரு வேளைக்கும் ஒளு எடுத்துத் தொழுவாள். அடுத்த வீட்டு ஷாஃபிப் பெண் அதே பன்னிரண்டாம் நாளில் ஓய்வில் இருக்கலாம். ஒரே உடல், ஒரே ரத்தம். கணக்குப் புத்தகம்தான் வேறு.

விலக்கு தொழுகையிலிருந்துதான், வீட்டிலிருந்து இல்லை. நபிகளின் மனைவி ஆயிஷா அவர்கள் ஹைளில் இருக்கும்போது நபிகளின் தலையைச் சீவிவிட்டிருக்கிறார். பள்ளியிலிருந்து விரிப்பை எடுத்துத் தரச் சொன்னபோது நான் ஹைளில் இருக்கிறேனே என்றதற்கு, 'உன் ஹைளு உன் கையில் இல்லையே' என்றார் நபிகள். தனிக் குடிசை, தனித் தட்டு எதுவும் சட்டத்தில் கிடையாது. ஆனால் சட்டம் ஒரு பக்கம், ஊர்ப் பழக்கம் ஒரு பக்கம். பிரசவ ரத்தத்துக்கு ஹனஃபியில் கூடியது நாற்பது நாள், ஷாஃபியில் அறுபது. ரத்தம் இருபதாம் நாளே நின்றுவிட்டால் அன்றே குளித்துத் தொழ வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது. வீடுகளிலோ நாற்பதாம் நாள் குளி என்று ஒரு சடங்கே உண்டு. அதுவரை பிள்ளை பெற்றவளை அசைய விடமாட்டார்கள். சட்டப்படி தவறு. பெற்ற உடம்புக்கு நாற்பது நாள் ஓய்வு கிடைக்கிறதே என்று பார்த்தால், பாட்டிமார்கள் தெரிந்தேதான் தவறினார்களோ என்று சந்தேகம் வரும்.

இதில் எனக்குக் கோபம் வருகிற இடம் ரமலான். ஹைளில் உள்ள பெண் நோன்பு நோற்கவே கூடாது. அவள் சாப்பிடுவது சட்டப்படி சரியான செயல். ஆனாலும் அவள் அடுப்படிக் கதவை ஒருக்களித்து, அத்தாவும் அண்ணனும் பார்க்காமல் பழைய சோற்றை அள்ளிப்போட்டுக்கொள்கிறாள். வேலையிடத்தில் என்றால் தண்ணீர்கூடக் குடிக்காமல் அஸர் வரை கிடக்கிறாள். குடித்தால் 'ஓ, இன்றைக்கா' என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

இந்தச் சட்டங்களை யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்? மதரஸாவில் உஸ்தாத், அதாவது ஆசிரியர், ஆண். ஹைளு பாடம் வரும்போது அவரும் குனிந்துகொள்வார், பிள்ளைகளும் குனிந்துகொள்ளும், பக்கம் புரண்டுவிடும். மிச்சத்தை நன்னிமாக்கள் சொல்லித் தந்தார்கள். இப்போது நிஸ்வான் (பெண்கள்) மதரஸாக்களில் படித்த ஆலிமாக்கள், அதாவது பெண் மார்க்க அறிஞர்கள், வந்துவிட்டார்கள். நகப்பூச்சு போட்டால் ஒளு சேருமா (சேராது, தண்ணீர் நகத்தில் படாது), மருதாணி போட்டால் சேருமா (சேரும், அது வெறும் சாயம்), குளிப்புக்குப் பின்னலை அவிழ்க்க வேண்டுமா என்றெல்லாம் பெண்கள் வாட்ஸ்அப்பில் ஆலிமாவிடமே கேட்டுக்கொள்கிறார்கள். அந்தக் கடைசிக் கேள்வி பழையது. நபிகளின் மனைவி உம்மு ஸலமா அவரிடமே கேட்டார்: நான் இறுக்கிப் பின்னுகிறவள், அவிழ்க்க வேண்டுமா? வேண்டாம், தலையில் மூன்று கை தண்ணீர் ஊற்றினால் போதும் என்று பதில் வந்தது. முடியின் வேர் நனைந்தால் போதும் என்று ஹனஃபியினர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பின்னலுக்குள் தண்ணீர் போகாவிட்டால் அவிழ்க்கத்தான் வேண்டும் என்பது ஷாஃபி.

கடைசிக் குளிப்பு நம் கையில் இல்லை. மய்யித்தை, அதாவது இறந்தவர் உடலை, குளிப்பாட்டுவது உயிரோடு இருப்பவர்கள் கடமை. ஆணை ஆண்கள், பெண்ணைப் பெண்கள். ஊருக்கு ஊர் மய்யித்துக் குளிப்பாட்டத் தெரிந்த பெண்மணி ஒருவர் இருப்பார், நடுராத்திரியிலும் கூப்பிட்டால் வருவார். கணவன் இறந்தால் மனைவி குளிப்பாட்டலாம் என்பதில் இரண்டு வழிக்கும் பேதமில்லை. மனைவி இறந்தால் கணவன் குளிப்பாட்டலாமா? ஷாஃபியில் கூடும். ஹனஃபியில் கூடாது, மனைவி இறந்தால் திருமண பந்தம் அவன் பக்கம் அத்தோடு முடிந்துவிடுகிறது, கணவன் இறந்தால் அவள் பக்கம் நான்கு மாதம் பத்து நாள் இத்தா (கைம்பெண் காத்திருக்கும் காலம்) முடியும்வரை நீள்கிறது என்பது காரணம். நாற்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்த ராவுத்தர் கிழவர் திரைக்கு வெளியே நிற்க, அடுத்த தெருவில் மாப்பிள்ளைக் கிழவர் செம்பைக் கையில் எடுக்கலாம். சட்டத்தின் தர்க்கம் எனக்குப் புரிகிறது. மனசு ஷாஃபி பக்கம் போகிறது.

முஸ்லிம் தோழி உங்கள் வீட்டுக்கோ ஆபீஸுக்கோ வந்து தொழ இடம் கேட்டால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். தாழ்ப்பாள் விழுகிற குளியலறை, ஒரு மக், சேலையோ ஷாலோ மாட்ட ஒரு கொக்கி, கால் துடைக்கக் காய்ந்த துணி, அப்புறம் யாரும் குறுக்கே நடக்காத ஒரு மூலை போதும். மேற்குத் திசையைக் காட்டிவிடுங்கள். நம் ஊர்களிலிருந்து கிப்லா (தொழும் திசை) சற்றே வடக்குச் சாய்ந்த மேற்கு, அதை அவர் பார்த்துக்கொள்வார். குழாய் தாழ்வாக இல்லாத ஆபீஸ்களில் அவர் வாஷ்பேசினில் காலைத் தூக்கி வைத்துக் கழுவ நேரிடும். இதற்காக அடிக்கடி மனஸ்தாபம் வருகிறது. பேசின் உடைந்துவிடும் என்று எச்சரிக்கைப் பலகை ஒட்டுவதைவிட, முழங்கால் உயரத்தில் ஒரு குழாய் போட்டுத் தரச் சொல்லி மேலாளரிடம் கேட்பது சுலபம். மாப் நனைக்கிற அக்காவுக்கும் அது உதவும்.